நகரிப் பக்கம் எந்த ட்ரோன் வாங்கலாம்? முதலில் எங்கே பறக்கவிடுவாய், அதைச் சொல்

என் அக்கா மகன் புத்தூர்க்காரன். திருப்பதியில் பொறியியல் படிக்கிறான், சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுவான். போன மாதம் நகரியில் இருக்கும் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்தவன், மேஜைமேல் கிடந்த உடைந்த டிஸ்பிளேக்களை ஒதுக்கிவிட்டு ஒரு தாளை வைத்தான். அதில் மூன்று வரி எழுதியிருந்தது. 249 கிராம் சின்ன ட்ரோன். முக்கால் கிலோவுக்கு மேல் வரும் பெரிய கேமரா ட்ரோன். உதிரிப் பாகம் வாங்கி நாமே கோத்துக்கொள்ளும் ட்ரோன்.

"மாமா, இதுல எது?"

"எங்கே பறக்கவிடப் போற?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவனுக்குப் பிடிக்கவில்லை. கேமரா, பேட்டரி, தூரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டவனிடம் இடத்தைக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் நம் பக்கத்தில் முடிவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நகரியில் நின்று சுற்றிலும் பாருங்கள். வடக்கே ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையம். தெற்கே மாநில எல்லையைத் தாண்டினால் அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளம் ஐ.என்.எஸ். ராஜாளி. நேர்கோட்டில் அளந்தால் இரண்டுமே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். வடமேற்கே திருமலை. வடகிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. தறிச் சத்தத்தைத் தவிர வேறெதற்கும் பேர் போகாத ஒரு ஊரைச் சுற்றி இத்தனை பேர் வானத்தைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் துண்டு நமக்கு. அது ஒன்றும் சின்னத் துண்டு இல்லை.

2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தை மூன்று நிறமாகப் பிரித்தன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் அந்த வரைபடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மஞ்சளில் அந்தப் பகுதி வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன்அனுமதி வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே இடம் உயரத்துக்குத் தக்கபடி நிறம் மாறும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் இருந்தால் பச்சை, அதற்கு மேலே போனால் மஞ்சள். சுத்தமான பச்சை நிலத்திலும் 400 அடியைத் தாண்டிவிட்டால் மஞ்சளுக்குள் போய்விட்டோம். புத்தூரிலிருந்து வடமாலப்பேட்டை வழியாக ரேணிகுண்டாவை நோக்கிப் போகப் போக இது எல்லாம் வரிசையாக வரும். பைக்கில் போகும்போது நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே மாந்தோப்பு, அதே ரயில் பாதை.

இன்னொன்று, நிறம் நிரந்தரமும் இல்லை. மாநில அரசு தற்காலிகமாக ஒரு பகுதியைச் சிவப்பாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. திருமலைக்குப் பெரிய பெரிய ஆட்கள் தரிசனத்துக்கு வந்துபோகும் பகுதி இது. போன வாரம் பறக்கவிட்ட இடம்தானே என்று போய் நிற்கக் கூடாது. பையைத் திறப்பதற்கு முன்னால் வரைபடத்தைத் திறக்க வேண்டும்.

சரி, மாப்பிள்ளை சொன்ன இடங்களுக்கு வருகிறேன். அவனும் மூன்று சொன்னான்.

முதலாவது, திருப்பதி விடுதியின் மொட்டை மாடி. ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் திருமலை. திருமலைமேல் ட்ரோன் என்ற பேச்சுக்கே இடமில்லை, மலையைச் சுற்றியிருப்பது தேசியப் பூங்காக் காடு. நடுவில் இருக்கும் தெருக்களில் ஒன்றிரண்டு வரைபடத்தில் பச்சையாகவே தெரிந்தாலும், கீழே நெருக்கமான வீடுகள், மாடியில் துணி காயப்போடும் பெண்கள், எந்நேரமும் யாத்ரீகர் கூட்டம். கேமராவோடு ஒன்று தலைக்குமேல் வந்து நின்றால் யார் சும்மா இருப்பார்கள்? நானாக இருந்தாலும் சண்டைக்குத்தான் போவேன். அந்த மாடியை மறந்துவிடு என்றேன்.

இரண்டாவது பழவேற்காடு. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை அறுத்துக்கொண்டு போகும் சாலையை மேலிருந்து எடுக்க வேண்டும், பக்கத்தில் பூநாரைக் கூட்டம் இருக்க வேண்டும். அவன் மனதில் இருந்த படம் எனக்கும் தெரிகிறது, அழகான படம்தான். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மோசமான இடத்தைத் தேடச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன். சாலை போய்ச் சேருவது ராக்கெட் ஏவுதளத்துக்கு. ஏரி இரு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் மெல்ல வற்றும்போது சேற்றில் தலைகீழாக அலகை வைத்து மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் அவை. மேலே ஒரு சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் எழும். நமக்கு அது பத்து வினாடி வீடியோ. அவற்றுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு.

மூன்றாவது நகரி மூக்கு. நம் மலைத்தொடரில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையை ரயிலில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். வானம் அங்கே பச்சையாக இருந்தாலும் கீழே இருப்பது காப்புக்காடு. வரைபடத்தின் பச்சை, விமானப் போக்குவரத்துத் துறையின் சம்மதம் மட்டும்தான். காட்டுக்கு வனத்துறை, கோயிலுக்குத் தேவஸ்தானம், தோப்புக்குத் தோப்புக்காரர் என்று தரைக்கு வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல், "பச்சைதானே காட்டுது" என்று போனைத் தூக்கிக் காட்டி வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"அப்ப வாங்கவே வேணாம்கறீங்களா மாமா?"

இல்லை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஏரிகள் இருக்கின்றன. தை மாதம் கழிந்தால் பாதி ஏரி வறண்டு மைதானமாகிவிடும். ஆள் இல்லை, வீடு இல்லை, மின்கம்பி தூரத்தில். பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் யாரும் கேட்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் ட்ரோன் அந்த ஏரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அந்தக் கண்ணோடு அவனுடைய தாளை எடுத்தோம்.

பெரிய கேமரா ட்ரோனைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 250 கிராமைத் தாண்டி 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் 2 கிலோ வரை பைலட் சான்றிதழ் தேவையில்லை, அது பெரிய சலுகை. ஆனால் பதிவு எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்தினால் கருவிக்கு வகைச் சான்றிதழும், அதாவது அந்த மாடல் சோதனையில் தேறியது என்ற சான்றும், வேண்டும். சான்றிதழ் வாங்கிய ட்ரோன்கள் பெரும்பாலும் வயலுக்கு மருந்து அடிப்பவை, நில அளவை செய்பவை. இவன் ஆசைப்பட்டதோ வெளிநாட்டு மாடல். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரியான சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார் என்ற யோசனை விமான நிலையச் சுங்கத்திலேயே நின்றுவிடும். சென்னையில் பில் இல்லாமல் கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கும். அப்புறம் எந்தத் தாளை வைத்துப் பதிவு செய்வது? விதி மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

இந்தப் பெரிய கருவியின் பலம் காற்றைத் தாங்குவது, தூரம் போவது, நல்ல படம். தூரம் போவதால் நமக்கு லாபம் இல்லை, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் பறக்கவிட வேண்டும். கல்யாண வீடியோ எடுத்துச் சம்பாதிப்பேன் என்றால் கணக்கே வேறு. அப்போது அது தொழில், மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டும். 18 வயது முடிந்து பத்தாம் வகுப்புத் தேறியவர், அனுமதி பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்று வாங்கலாம். இவனுக்கு அந்த எண்ணம் இல்லை. அடித்துவிட்டோம்.

இனி 249 கிராம். எல்லோரும் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள், நானும் முடிவில் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் பாதி தப்பு. "நானோவுக்கு ரூல்ஸ் கிடையாது, எங்க வேணா விடலாம்" என்கிறார்கள். 250 கிராம் வரை உள்ள நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், வகைச் சான்றிதழ் வேண்டாம், காப்பீடு கட்டாயமில்லை. அவ்வளவுதான். சிவப்பு மண்டலம் இதற்கும் சிவப்புதான். விமானத்தின் இன்ஜினுக்குள் போகும் ஒரு பொருள் 249 கிராமா 900 கிராமா என்று இன்ஜின் எடை போட்டுப் பார்க்காது. எடை குறைந்தால் தாள் வேலை குறையும், வானம் அதே வானம். பதிவு விஷயத்திலும் என் ஆலோசனை ஒன்றே. நானோதானே என்று விடாதே, பதிவு செய்துகொள், கட்டணம் 100 ரூபாய்தான்.

எடையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. விதி பார்ப்பது ட்ரோன் மேலே எழும்போது இருக்கும் மொத்த எடையை. 249 என்று அச்சிட்ட கருவியில் இறக்கைக் காப்பு வளையத்தை மாட்டினாலோ, நேரம் அதிகம் வருகிறதென்று பெரிய பேட்டரி போட்டாலோ அது நானோ இல்லை. என் கடைக்கு எதிரே நகைக்கடை வைத்திருக்கும் அண்ணனின் தராசில் என்னுடையதை ஒருநாள் வைத்துப் பார்த்தேன். வளையத்தைக் கழற்றினால் உள்ளே, மாட்டினால் வெளியே. அவர் அதற்கு "செய்கூலி போடட்டுமா?" என்றார்.

இவன் தாளில் எழுதியிருந்த 249 கிராம் மாடலும் இறக்குமதித் தடைக்குள் வருவதுதான். அதனால் ஒப்பீடு இந்தியாவில் தயாராகி பில்லோடு வரும் நானோக்களுக்குள் இருக்க வேண்டும். படத்தின் தரம் ஒரு படி கீழே இருக்கும், அதை ஒத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெரிய குறை காற்று. இந்த எடையில் வரும் நல்ல கருவிகளே வினாடிக்குப் பத்து மீட்டர் காற்றை ஒட்டித்தான் தாங்கும். தரையில் சட்டை லேசாகப் படபடத்தால் நூறு மீட்டர் மேலே அதைவிடப் பலமாக இருக்கும். ஆடிக் காற்றில் நானோவை வெளியே எடுப்பது பட்டம் விடுகிற கணக்குதான், நூல் மட்டும் இருக்காது. நான் கருவி எதுவும் வைத்து அளப்பதில்லை. ஏரிக்கரைப் பனையில் ஓலை சலசலத்தால் பையைத் திறக்க மாட்டேன்.

அந்தப் பனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் முதல் ட்ரோனில் பேட்டரி குறைந்தால் தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் வசதி இருந்தது. திரும்பும் உயரம் பெட்டியிலிருந்து வந்தபடி 20 மீட்டரில் இருந்தது. நான் அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. ஒரு சாயங்காலம் ஏரிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, பேட்டரி இறங்கியது, அதுபாட்டுக்குத் திரும்பியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் திடீரென்று பச்சையாக ஏதோ வந்தது, பிறகு ஆடாமல் நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பனை உச்சியில் ஓலைக்கும் குலைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டு. மறுநாள் மரம் ஏறுகிற பெரியவர் ஒருவர் ஏறி, இடுப்பில் கட்டி இறக்கிக் கொடுத்தார். "என்ன தம்பி, இது எந்த மாசத்துல காய்க்கும்?" என்று கேட்டார். இன்றுவரை அந்தப் பக்கம் போனால் அதையே கேட்கிறார். இப்போதெல்லாம் எங்கே போனாலும் சுற்றிலும் உயரமான மரம், செல்போன் கோபுரம், மின்கம்பி மூன்றையும் பார்த்து, அதற்கு மேலே உயரத்தை வைத்த பிறகுதான் மோட்டாரைச் சுற்றவிடுவேன்.

மூன்றாவது, நாமே கோத்துக்கொள்வது. சாலிடரிங் கையில் இருப்பவனுக்கு இதில்தான் ருசி. உதிரிப் பாகத்துக்கு அந்த இறக்குமதித் தடை இல்லை. பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ கண்பார்வைக்குள் பறக்கவிடும் மாடலுக்கு வகைச் சான்றிதழும் வேண்டாம். உடைந்தால் நாமே சரிசெய்யலாம். உடையும், நிச்சயம் உடையும். புத்தூர்க் கட்டு எலும்புக்குத்தான், மோட்டாரைத் தாங்கும் ட்ரோனின் கார்பன் கைக்கு ஒட்டாது. இரண்டு கை கூடுதலாகவே வாங்கி வைக்க வேண்டும்.

ஆனால் நிற்க வைத்தால் நிற்காது. கடையில் வாங்கும் ட்ரோன், கையை எடுத்துவிட்டால் ஜி.பி.எஸ். பிடித்து அந்தரத்தில் நிற்கும். கோத்தது அப்படி இல்லை, கையை விட்டால் விழும். ஐந்து அங்குல இறக்கை போட்ட ஒன்று, பேட்டரியோடு எளிதாக அரைக் கிலோவைத் தாண்டும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும், ஐந்து நிமிடத்தில் பேட்டரி காலி. கண்ணில் திரைக் கண்ணாடி போட்டுப் பறந்தால் அதைக் கண்பார்வைக்குள் பறப்பதாகச் சொல்லவும் முடியாது. இதில் போடும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், பேட்டரியின் தொல்லை வேறு. சித்திரை வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் வைத்துவிட்டு வந்தவருடைய பேட்டரி ஒன்று தலையணை மாதிரி உப்பி என் கடைக்கு வந்தது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, நிழலில், மண் நிரப்பிய பானைக்குள் வைப்பேன். என் வீட்டில் அந்தப் பானையை யாரும் தொடுவதில்லை.

எடைபோட்டுப் பார்த்து நான் சொன்னது இது. படம் எடுக்க ஆசை என்றால் பில்லோடு வரும் நானோ. ஓட்டக் கற்க ஆசை என்றால் கோத்துக்கொள், ஆனால் முதல் இரண்டு மாதம் ரிமோட் மட்டும் வாங்கிக் கணினியில் சிமுலேட்டரில் ஓட்டு. இரண்டும் வேண்டும் என்றால் நானோ முதலில். காற்று, உயரம், திசை எல்லாம் கண்ணுக்குப் பழகட்டும். அக்கா நடுவில் போன் செய்து "அவனுக்கு எதையும் வாங்கிக் குடுக்காதே" என்று சொன்னதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு விடியும் முன்னே இருவரும் ஏரிக்குப் போனோம், என் நானோவோடு. பைக்கை இருபது அடி தள்ளி நிறுத்தச் சொன்னேன், பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டி குழம்பும். இறக்கைகளின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தான். ஒன்றில் நகம் தட்டியது, மாற்றினோம். வரைபடம் பச்சை. ஓலை அசையவில்லை. ஏற்றினான், அறுபது மீட்டர்.

தெற்கே தடதடவென்று ஒரு சத்தம். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சேத்தக் ஹெலிகாப்டர்கள் இந்தப் பக்கம் தாழ்வாக வருவது எங்களுக்குப் பழக்கம். நம் இடம் பச்சைதான், உயரமும் சரிதான். ஆனாலும் ஆள் இருக்கும் விமானத்துக்கு நாம்தான் வழிவிட வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்துவிட்டான். ட்ரோன் ஏரி மண்ணில் உட்கார்ந்து புழுதி கிளப்பியது. ஹெலிகாப்டர் எங்களைத் தாண்டி மேற்கே போகும்வரை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுபடி ஏற்றினான். மலைப் பக்கம் போகவே இல்லை, ஏரி நடுவிலிருந்தே கேமராவைத் திருப்பினான். வெயில் முதலில் விழுந்தது நகரி மூக்கின்மேல். அந்தப் படத்தில் மூக்கு முழுசாக இருக்கிறது, கீழே பொட்டு மாதிரி என் பைக், வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு அந்தப் பனை.